இன்புட் கார்டு போச்சா? கழட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க

ராத்திரி ரெண்டரைக்கு போன் வந்தா வீட்ல எல்லாருக்கும் பயம், எனக்கு மட்டும் அது ப்ரேக்டவுன்னு தெரியும். "சார், மூணாவது லைன் நிக்குது, இன்புட் கார்டு போச்சு, ஸ்டோர் சாவி யார்கிட்ட இருக்கு?" அப்படின்னு ஒரே மூச்சுல கேட்டான் நைட் ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன் தம்பி. எப்படிடா கார்டுன்னு சொல்றேன்னு கேட்டேன், "ஒயர்ல 24 வருது சார், கார்டுல லைட் எரியல, அப்ப கார்டுதானே?" கேக்க சரியாத்தான் இருக்கு. ஆனா தப்பு. ஏன் தப்புன்னு புரிஞ்சுட்டா இந்த வேலைல பாதி புரிஞ்ச மாதிரி, அதனால அந்தப் பையன அப்படியே பேனல் முன்னாடி நிக்க வச்சுட்டு முதல்ல இன்புட் கார்டுன்னா என்னன்னு பாத்துட்டு வந்துடலாம்.

பிஎல்சி தெரியும்ல, மெஷினோட மூளை. அந்த மூளை உள்ள ஓடுறது 5 வோல்ட், 3.3 வோல்ட்னு ரொம்ப பூஞ்சையான கரண்ட்ல. வெளிய ஃபீல்டுல இருக்கிறது லிமிட் சுவிட்ச், ப்ராக்ஸி சென்சார் (இரும்பு கிட்ட வந்தா தொடாமலே கண்டுபிடிக்கிறது), புஷ் பட்டன், அதெல்லாம் 24 வோல்ட் டிசி, பக்கத்துலயே மோட்டார் கேபிள் போகும், வெல்டிங் நடக்கும், இடி இடிக்கும். இந்த ரெண்டு உலகமும் நேரா தொட்டுக்கிட்டா மூளை வெந்துடும். நடுவுல நிக்கிற வாட்ச்மேன்தான் இன்புட் கார்டு. அதுக்குள்ள ஒவ்வொரு சேனலுக்கும், அதாவது ஒரு சிக்னல் வர்ற ஒவ்வொரு வழிக்கும், ஒரு ரெசிஸ்டர், ஒரு ஆப்டோகப்ளர், ஒரு ஃபில்டர், அவ்ளோதான். ஆப்டோகப்ளர்ன்னா காம்பவுண்ட் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் டார்ச் அடிக்கிறான், இந்தப் பக்கம் ஒருத்தன் வெளிச்சத்த பாத்துட்டு "ஒண்ணு"ங்கிறான், வெளிச்சம் இல்லேன்னா "சைபர்"ங்கிறான். வெளிச்சம் மட்டும்தான் சுவர தாண்டும், கரண்ட் தாண்டாது.

(1968ல ஜெனரல் மோட்டார்ஸோட ஹைட்ராமேட்டிக் பிரிவு ரிலே பேனலுக்கு மாற்று வேணும்னு கேட்டதுலதான் இந்தக் கதையே ஆரம்பிச்சுது, அடுத்த வருஷமே மோடிகான் 084 வந்துடுச்சு. அந்தக் கால ரிலே பேனல்ல ஒரு வசதி இருந்துச்சு, டிக் டிக்குன்னு சத்தம் கேக்கும், சத்தம் வந்தா சிக்னல் வந்துடுச்சு. இப்ப சத்தம் இல்ல, கண்ணால பாக்குற ஒரு குட்டி எல்இடிய நம்பி பொழைக்கிறோம்.)

இப்ப முக்கியமான விஷயம். கார்டுக்கு "24 இருக்கா"ன்னு மட்டும் பாக்கத் தெரியாது, அந்த டார்ச் எரியற அளவுக்கு கரண்ட் வரணும். ஐஇசி 61131-2ன்னு ஒரு ஸ்டாண்டர்டு இருக்கு, அதுல சாதாரண டைப் 1 இன்புட்டுக்கு 15ல இருந்து 30 வோல்ட் வரைக்கும் வந்தா ஆன், 5 வோல்ட்டுக்கு கீழ ஆஃப், நடுவுல 5க்கும் 15க்கும் இடையில இருந்தா திரிசங்கு சொர்க்கம், ஆன்னு எடுத்தாலும் எடுக்கும், ஆஃப்னு எடுத்தாலும் எடுக்கும், யாரையும் கேள்வி கேக்க முடியாது. டைப் 3ல ஆன் 11 வோல்ட்லயே ஆரம்பிச்சுடும். கரண்ட் பாத்தீங்கன்னா சீமென்ஸ் எஸ்7-1200ல ஒரு சேனல் 24 வோல்ட்ல சுமாரா 4 மில்லிஆம்ப் எடுக்கும், பழைய எஸ்7-300ல நம்ம எல்லாரும் பாத்திருக்கிற 16 பாயிண்ட் கார்டு 7 மில்லிஆம்ப் எடுக்கும். இந்த 7 மில்லிஆம்ப ஞாபகம் வச்சுக்கோங்க, தம்பி கதைக்கு அது வேணும்.

சரி, கம்ப்ளைண்ட் வந்துடுச்சு, எங்க ஆரம்பிக்கிறது? நான் எப்பவும் கார்டு முன்னாடி போய் நிப்பேன், ஏன்னா அது சரியா நடுவுல இருக்கு. அந்தப் பக்கம் சென்சார், ஒயர், ஜங்ஷன் பாக்ஸ், இந்தப் பக்கம் கார்டு, கார்டையும் மூளையையும் இணைக்கிற பஸ், ப்ரோக்ராம். ஒருத்தர சென்சார்கிட்ட அனுப்பி ப்ராக்ஸி முன்னாடி ஒரு ஸ்பேனர காட்டி எடுக்கச் சொல்லுங்க, நீங்க எல்இடிய பாருங்க. அதுக்கு முன்னாடி மெஷின் ஆட்டோல இல்லாம, கிளம்பாத நிலைமைல இருக்கான்னு உறுதி பண்ணிக்கோங்க, ஸ்பேனர் காட்டினதுக்கு சிலிண்டர் வந்து கைய நசுக்கின கதையெல்லாம் இருக்கு. சென்சார் தலைலயே ஒரு எல்இடி இருக்கும், அது எரியுது, கார்டுல எரியல, அப்ப பிரச்சினை நடுவுல. கார்டுல எரியுது, லேப்டாப்ல ஆன்லைன் போனா ஐ 0.3ங்கிற அந்த இன்புட்டோட அட்ரஸ் சைபர்லயே கிடக்கு, அப்பதான் கார்டு மேல நியாயமா சந்தேகம் வரணும். ரெண்டும் சரியா ஆன் ஆகுது, மெஷின் மட்டும் ஓடலேன்னா இன்புட்ட விட்டுட்டு இன்டர்லாக்க பாருங்க, வேற ஏதோ கண்டிஷன் நிக்குது.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. அந்த எல்இடி சுவருக்கு எந்தப் பக்கம் இருக்குங்கிறது கார்டுக்கு கார்டு மாறும். சில கார்டுல ஃபீல்டு பக்கமே இருக்கும், டார்ச் அடிக்கிறவன் கையிலயே இன்னொரு லைட் மாதிரி, அப்ப ஆப்டோ செத்திருந்தாலும் எல்இடி ஜம்முனு எரியும். சில கார்டுல உள்பக்கம் இருக்கும், அங்க எரிஞ்சுதுன்னா சிக்னல் சுவர தாண்டிடுச்சுன்னு அர்த்தம். மேனுவல்ல ஒரு பிளாக் டயாக்ராம் போட்டிருப்பான், அதப் பாத்தா அரை நிமிஷத்துல தெரிஞ்சுடும், ஆனா அந்தப் பக்கத்த திறந்து பாத்தவங்க ரொம்ப கம்மி.

அடுத்து எத்தனை போச்சுன்னு எண்ணுங்க. ஒரே ஒரு சேனல் மட்டும் வேலை செய்யலேன்னா அந்த ஒயர், அந்த சென்சார், ரொம்ப அபூர்வமா அந்த சேனல். வரிசையா எட்டு போச்சுன்னா அந்த குரூப்போட காமன் (எல்லாத்துக்கும் பொதுவான மைனஸ் ஒயர்) அல்லது ஃபியூஸ். பதினாறும் போச்சுன்னா சப்ளை, இல்ல ஃப்ரண்ட் கனெக்டர் சரியா உக்காரல. கார்டுக்குள்ள பதினாறு ஆப்டோவும் பேசி வச்சுக்கிட்டு ஒரே நேரத்துல சாகாது. காமன் கட்டான்னு பாக்க ஒரு நல்ல வழி சொல்றேன், கார்டோட எம் டெர்மினலுக்கும் (காமன் மாட்டுற இடம்) எஸ்எம்பிஎஸ், அதாவது 24 வோல்ட் கொடுக்கிற சப்ளை, அதோட மைனஸுக்கும் நடுவுல மீட்டர வையுங்க, சைபர் காட்டணும். இருபது இருபத்திரண்டுன்னு காட்டுச்சுன்னா எம் ஒயர் எங்கயோ விட்டுப்போச்சு, ஆன்ல இருக்கிற சென்சார் எல்லாம் சேந்து கார்டோட எம்ம மேல தூக்கி வச்சிருக்கு. நிறைய பேர் கருப்பு ப்ரோப பேனல் பாடில வச்சு அளப்பாங்க, 24 வோல்ட் மைனஸ் எர்த் பண்ணாத பேனல்னா அந்த ரீடிங் எல்லாம் சும்மா, அத வச்சு ஒரு முடிவும் எடுக்காதீங்க.

இன்னொண்ணு, ஃபோர்க்லிஃப்ட் ஏறி ஏதோ ஒரு சென்சார் கேபிள் நசுங்கி ப்ளஸ்ஸும் மைனஸும் ஒட்டிக்கிச்சுன்னா எஸ்எம்பிஎஸ் ஓவர்லோடு ஆகி வோல்ட்டேஜ கீழ இறக்கிடும், மறுபடி ஏத்தும், இறக்கும். மொத்த கார்டும் கண்ண சிமிட்டும். பாக்கிறவங்க கார்டு பைத்தியம் பிடிச்சு ஆடுதுன்னு நினைப்பாங்க. எஸ்எம்பிஎஸ்ல இருக்கிற பச்சை லைட்டயும் ஒரு பார்வை பாத்துட்டு வாங்க.

இப்ப தம்பிகிட்ட வருவோம். ஒயர்ல 24 வருதுன்னான். எப்படி அளந்தேன்னு கேட்டேன். "டெர்மினல்ல இருந்து ஒயர கழட்டிட்டு ஒயர் முனைல அளந்தேன் சார்." அங்கதான் மாட்டினான். டிஜிட்டல் மல்டிமீட்டரோட உள் ரெசிஸ்டன்ஸ் சாதாரணமா 10 மெகா ஓம், அதாவது மீட்டர் கரண்டே கேக்காது, ஒயர்ல எங்கயோ ஒரு ஜாயிண்ட் பச்சை புடிச்சு 10 கிலோ ஓம் ஆகிக்கிடந்தாலும் மீட்டர் 23.9னு காட்டும், நமக்கு அது 24தான். ஆனா கார்டு அப்படி இல்ல, 24 வோல்ட்டுக்கு 7 மில்லிஆம்ப்னா அதோட ரெசிஸ்டன்ஸ் சுமாரா 3.4 கிலோ ஓம். 10 கிலோ ஓமும் 3.4 கிலோ ஓமும் சீரீஸ்ல நின்னா 24 வோல்ட்ட பங்கு போட்டுக்கும், கார்டுக்கு கிடைக்கிறது 6 வோல்ட் சொச்சம்தான். கூட்டமே இல்லாத தெருவுல பைப்ல ஒரு சொட்டு விட்டாலும் குடம் நிறையற வரைக்கும் காத்திருக்கலாம், ஆனா மோட்டார் போட்டு இழுத்தா பைப் அடைச்சிருக்கிறது தெரிஞ்சுடும், அதே கணக்கு. அதனால ஒயர கழட்டாம, டெர்மினல்ல மாட்டின நிலைமைலயே, சென்சார் ஆன்ல இருக்கும்போது, கார்டோட எம்முக்கு எதிரா அளக்கணும். "ஒயர திருப்பி மாட்டிட்டு அளடா தம்பி"ன்னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. "சார்... 6.2 காட்டுது." கார்டு நல்லா இருக்கு, அதுக்கு சோறு வரலேன்னேன்.

மிச்சத்த அப்புறம் சொல்றேன், இதுக்கு நேர் எதிர் கேஸ் ஒண்ணு இருக்கு, அதாவது இன்புட் ஆஃபே ஆகாது. இங்கயும் பழி கார்டு மேலதான். ரெண்டு ஒயர் ப்ராக்ஸி போட்டிருந்தா அது ஆஃப்ல இருக்கும்போதும் தன்னோட எலக்ட்ரானிக்ஸ் உயிரோட இருக்க கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கிட்டே இருக்கும், 1.5 மில்லிஆம்ப் வரைக்கும் இருக்கலாம். அதே 3.4 கிலோ ஓம் கார்டுல 1.5 மில்லிஆம்ப் போனா 5.1 வோல்ட் நிக்கும், ஆஃப் எல்லைய லேசா தாண்டியாச்சு, ஒரு நாள் ஆஃப் ஆகும், ஒரு நாள் ஆகாது, வெயில் காலத்துல ஒரு மாதிரி, மழைல ஒரு மாதிரி. சேனலுக்கும் எம்முக்கும் நடுவுல 4.7 கிலோ ஓம் அரை வாட் ரெசிஸ்டர் ஒண்ண பேரலலா போட்டா வோல்ட்டேஜ் 3க்கு வந்துடும், பிரச்சினை முடிஞ்சுது. பத்து ரூபாய்க்கு உள்ள முடியற வேலை. மூணு ஒயர் சென்சார் போட முடிஞ்சா அது இன்னும் உத்தமம்.

மூணு ஒயர்னதும் பிஎன்பி என்பிஎன் குழப்பத்த சொல்லாம போக முடியாது. கலர் ரெண்டுலயும் ஒண்ணுதான், ப்ரௌன் ப்ளஸ், ப்ளூ மைனஸ், கருப்பு சிக்னல். பிஎன்பி ஆன் ஆனா கருப்புல ப்ளஸ் வரும், என்பிஎன் ஆன் ஆனா கருப்ப மைனஸுக்கு இழுக்கும். ஐரோப்பா மெஷின்ல பெரும்பாலும் பிஎன்பி, ஜப்பான் மெஷின்ல நிறைய என்பிஎன். ஸ்டோர்ல ரெண்டும் ஒரே டப்பால கிடக்கும், பாக்க அச்சு அசல் ஒண்ணு மாதிரி இருக்கும், அவசரத்துல கைக்கு வந்தத மாட்டிடுவாங்க. சென்சார் எல்இடி அழகா எரியும், கார்டுல ஒண்ணும் வராது, உடனே "கார்டு போச்சு". புது சென்சார் மாத்தினதுக்கு அப்புறம்தான் பிரச்சினை ஆரம்பிச்சுதுன்னா முதல்ல சென்சார் மேல அச்சடிச்ச எழுத்த படிங்க, செல்போன் டார்ச்ச போட்டாவது படிங்க.

எண்ணிக்கை விட்டுப்போகுது, நூறு பாட்டில் போனா தொண்ணூறுதான் காட்டுதுங்கிற கம்ப்ளைண்ட்டும் இதே ஜாதிதான். கார்டுல ஃபில்டர் இருக்குன்னு சொன்னேன்ல, நாய்ஸ வடிகட்டத்தான் அது, எஸ்7-1200ல நீங்க ஒண்ணும் மாத்தலேன்னா 6.4 மில்லிசெகண்ட். 1000 ஆர்பிஎம்ல சுத்துற தட்டுல 10 டிகிரி அகலத்துக்கு ஒரு ஃப்ளாக் (சென்சார் பாக்குற தகடு) இருந்தா பல்ஸ் வெறும் 1.67 மில்லிசெகண்ட்தான் நிக்கும், ஃபில்டர் அத தூசின்னு நினைச்சு தள்ளிவிட்டுடும். கார்டு தன் வேலைய ஒழுங்கா பாக்குது, நாமதான் தப்பான ஆள்கிட்ட தப்பான வேலைய கொடுத்திருக்கோம். ஃபில்டர குறைங்க, இல்ல ஹைஸ்பீடு கவுண்டர் இன்புட்டுக்கு மாத்துங்க.

ப்ரோக்ராம் பக்கம் ஒரே ஒரு விஷயம் சொல்லிடறேன். யாரோ போன வாரம் ட்ரையல் பாக்க அந்த பிட்ட ஃபோர்ஸ் பண்ணிட்டு, அதாவது நிஜ சிக்னல் என்னவா இருந்தாலும் இதுதான்னு கட்டாயமா வச்சுட்டு, எடுக்க மறந்து வீட்டுக்கு போயிருப்பாங்க. எஸ்7-300 சிபியுல இதுக்குன்னே ஒரு மஞ்சள் லைட் இருக்கு, எஃப்ஆர்சிஇன்னு எழுதியிருக்கும். அது எரிஞ்சா கார்ட தொடாதீங்க, ஃபோர்ஸ் லிஸ்ட்ட திறங்க. இத கண்டுபிடிக்க ஒரு தடவை நான் நாலு மணி நேரம் எடுத்துக்கிட்டேன்னு வெளிய சொல்ல வெக்கமா இருக்கு, அந்த லைட் என் மூக்குக்கு முன்னாடி எரிஞ்சுகிட்டே இருந்துச்சு.

அனலாக் கார்டு, அதாவது ஆன் ஆஃப் மட்டும் இல்லாம எவ்வளவுன்னு அளவே படிக்கிற கார்டு, தனி ஆட்டம். அங்க 4ல இருந்து 20 மில்லிஆம்ப். ஏன் சைபர்ல ஆரம்பிக்காம 4ல ஆரம்பிக்கிறான்னா, ஒயர் கட் ஆனா கரண்ட் சைபர் ஆகிடும், அப்ப டேங்க் காலியா, ஒயர் கட்டான்னு பிரிச்சு பாக்க முடியுது. நாமூர் என்ஈ 43னு ஒரு பரிந்துரை இருக்கு, அதன்படி 3.6க்கு கீழ போனாலோ 21க்கு மேல போனாலோ டிரான்ஸ்மிட்டர் (அளந்தத கரண்ட்டா மாத்தி அனுப்புற கருவி) "எனக்கு உடம்பு சரியில்ல"ன்னு சொல்லுது. சீமென்ஸ்ல ப்ரோக்ராமுக்கு வர்ற எண் 4 மில்லிஆம்ப்னா 0, 20 மில்லிஆம்ப்னா 27648, அப்ப சரி பாதி 12 மில்லிஆம்ப்னா 13824. ஒயர கழட்டிட்டு லூப் கேலிபிரேட்டர்ல (நாம கேட்ட கரண்ட்ட அனுப்புற கருவி) இருந்து 12 மில்லிஆம்ப் விடுங்க, ஆன்லைன்ல 13824 பக்கத்துல நின்னா கார்டு சுத்தம், டிரான்ஸ்மிட்டர போய் பாருங்க. 32767னு நின்னா அளவு ரேஞ்ச தாண்டிடுச்சு அல்லது ஒயர் கட்டுன்னு கார்டு சொல்லுதே தவிர, டேங்க் நிரம்பி வழியுதுன்னு அர்த்தமில்ல. எஸ்எம் 331 கார்டு வச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு, கார்டு பக்கவாட்டுல ஒரு குட்டி சதுரக் கட்டை சொருகியிருக்கும், ஏ பி சி டின்னு நாலு பக்கம் திருப்பி சொருகலாம், நாலு ஒயர் டிரான்ஸ்மிட்டர்னா சி, ரெண்டு ஒயர்னா டி. கார்டு மாத்தும்போது பழைய கார்டுல கட்டை எப்படி இருந்துச்சுன்னு ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, இல்லேன்னா புதுக் கார்டும் போச்சுன்னு இன்னொரு கார்ட ஸ்டோர்ல கேப்பீங்க. அப்புறம் மீட்டர மில்லிஆம்ப்ல வச்சு கரண்ட் அளந்துட்டு அப்படியே மறந்து வோல்ட்டேஜ் அளக்கப் போய் மீட்டர் ஃபியூஸ எரிக்காதீங்க, எல்லாரும் ஒரு தடவை எரிச்சிருப்போம், ரெண்டாவது தடவை எரிச்சா டீ நீங்கதான் வாங்கித்தரணும்.

இவ்ளோ பாத்தும் கார்டு மேலயே சந்தேகம் நின்னா ஒரு டெஸ்ட் இருக்கு. ஃபீல்டு ஒயர கழட்டிட்டு பேனல் ப்ளஸ்ல இருந்து நேரா ஒரு ஜம்பர் ஒயர் அந்த சேனலுக்கு கொடுங்க. நீங்க ஜம்பர் கொடுக்கிறது ஏதோ ஒரு கேட் மூடியிருக்குங்கிற சிக்னலா இருக்கலாம், மோட்டார் கிளம்பிடும், உள்ள ஆள் இருக்கலாம். லாக் போடுங்க, ட்ராயிங்ல அந்த அட்ரஸ் எதுக்குன்னு படிங்க, அப்புறம்தான் கை வையுங்க. எமர்ஜென்சி ஸ்டாப், லைட் கர்ட்டன் மாதிரி சேஃப்டி கார்டுகள்ல இந்த ஜம்பர் வித்தைய காட்டவே கூடாது. ஜம்பர் கொடுத்தும் பிட் வரல, பக்கத்து நல்ல சேனல்ல அதே ஜம்பர் வேலை செய்யுதுன்னா, ஆமா, இப்ப சொல்லுங்க சேனல் போச்சுன்னு. ஸ்பேர் சேனல் இருந்தா ஒயர அங்க மாத்தி ப்ரோக்ராம்ல அட்ரஸ மாத்தி லைன ஓட்டிடலாம், ட்ராயிங்ல பென்சில்லயாவது குறிச்சு வையுங்க, அடுத்த ஷிஃப்ட்காரன் சாபம் விடாம இருப்பான்.

கார்ட மாத்துறதுன்னா எஸ்7-300 மெயின் ரேக்ல பவர் ஆஃப் பண்ணாம உருவாதீங்க, சிபியு ஸ்டாப்புக்கு போயிடும். ஆக்டிவ் பஸ் மாட்யூல் போட்ட இடி200எம் (சிபியுல இருந்து தள்ளி வைக்கிற கார்டு ரேக்), இல்ல ஆலன் பிராட்லி கன்ட்ரோல்லாஜிக்ஸ்னா ஓடும்போதே கழட்டி மாட்ட முடியும். முடியும்னுதான் சொல்றேன், அந்த கார்ட நம்பி ஓடுற மெஷின் என்ன ஆகும்னு யோசிச்சுட்டு பண்ணுங்க. செத்த கார்டு எப்படி செத்துச்சுன்னும் பாத்துடுங்க. ஒரே ஜங்ஷன் பாக்ஸ்ல 230ம் 24ம் பக்கத்துல பக்கத்துல கிடந்து ஒண்ணோட ஒண்ணு தொட்டுச்சா, வெல்டர் எர்த் கிளாம்ப எங்கயோ தூரத்துல மாட்டிட்டு மெஷின் மேல பத்த வச்சாரா, ஐப்பசி இடி ஏதாவது யார்டு கேபிள் வழியா வந்துச்சா. இத பாக்காம புதுக் கார்டு மாட்டினா அதுவும் அதே வழில போயிடும்.

தம்பிய பேனல் முன்னாடியே நிக்க வச்சுட்டோம். 6.2 காட்டுதுன்னான்ல, அப்படியே கேபிள் பிடிச்சுக்கிட்டே போ, ஒவ்வொரு ஜாயிண்ட்டா ஒயர கழட்டாம அளந்துக்கிட்டே போன்னேன். கன்வேயருக்கு கீழ இருக்கிற ஜங்ஷன் பாக்ஸ்ல ஒரு டெர்மினலோட உள்ள வர்ற பக்கம் 24, வெளிய போற பக்கம் 6. மூடிய திறந்தா அரை டம்ளர் தண்ணி கொட்டுச்சாம், க்ளாண்ட்ட (பாக்ஸுக்குள்ள கேபிள் நுழையற இடத்துல போடுற பிடி) மேல பாத்த மாதிரி போட்டிருக்காங்க, தினமும் லைன் கழுவுற தண்ணி கேபிள் வழியா நேரா உள்ள இறங்கியிருக்கு. ஸ்க்ரூ பச்சையா பூத்துப்போய் இருந்துச்சு. டெர்மினல மாத்தி, ஒயர் முனைய வெட்டி புதுசா லக் போட்டு, க்ளாண்ட்ட அடிப்பக்கம் மாத்தி, மூணேகாலுக்கு லைன் ஓட ஆரம்பிச்சுடுச்சு.

மறுநாள் காலைல ஸ்டோருக்கு போனேன். அதே ஸ்லாட்டுல இருந்து முன்னாடி ரெண்டு தடவை கழட்டின கார்டு ரெண்டும் சிவப்பு டேக் கட்டி ஸ்க்ராப் ராக்ல கிடந்துச்சு, டேக்ல "சேனல் 3 பழுது"ன்னு ரெண்டுலயும் ஒரே கையெழுத்து. டேபிள் மேல வச்சு பதினாறு சேனலுக்கும் 24 கொடுத்து பாத்தோம், ரெண்டு கார்டுலயும் பதினாறும் எரிஞ்சுது. ஒண்ணு இப்ப நாலாவது லைன்ல ஓடிக்கிட்டிருக்கு, இன்னொண்ணு டேக் கழட்டி ஸ்பேர் அலமாரிக்குள்ள போயிடுச்சு.